கோழிக்கு முளைக்கும் காது

மலேசியாவில், சுபாங் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு பூஜை மணி. அடுத்து தகரக் கிலுகிலுப்பை. அதற்கப்புறம் ஓர் ஊதல், சின்ன உடுக்கை, தாளம் தட்டும் குரங்கு பொம்மை, ஓர் எவர்சில்வர் டம்ளர், கரண்டி. எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இதெல்லாம் என் தங்கை மகளுக்கு என்றேன். ஒரு குழந்தைக்கு இவ்வளவா என்று சொல்லிக்கொண்டே மணியை ஓங்கி ஆட்டினார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் தொழில் புத்தி, திரும்பாத மீதிப் பேரைத்தான் கவனித்தது.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் எனக்குக் காது பரிசோதிக்கும் வேலை. நான் டாக்டர் இல்லை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று சொல்கிறவன். இந்த வேலையில் இருப்பவனுக்கு யாரையும் எளிதில் நம்ப வராது. கல்யாணம் நிச்சயமாக வேண்டிய பையன், கேட்காத சத்தத்துக்கெல்லாம் விரல் தூக்குவான். ஆலையில் நஷ்டஈடு கேட்டிருப்பவர், காதருகே வெடி போட்டாலும் கல்லாக உட்கார்ந்திருப்பார். குழந்தைகள் இவர்களையும் மிஞ்சியவர்கள். நம் நிழல் அசைந்தால் திரும்பும், தரை அதிர்ந்தால் திரும்பும், அம்மாவின் கண் போகும் பக்கம் திரும்பும். கேட்டுத்தான் திரும்பியது என்று எழுதுவதற்குள் எனக்குப் பல தடவை சந்தேகம் வந்துவிடும். வீட்டிலும் நீங்கள் அப்படித்தான் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் சொல்வதையும் நான் முழுதாக நம்புவதில்லை.

என் தங்கை வசந்தா, எங்கள் அத்தை மகன் கணேசனைக் கட்டிக்கொண்டு மலாக்காவுக்குப் போனவள். பல வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தாள், தர்ஷினி. ஒன்றரை வயதில் அவளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தது, காது போய்விட்டது. அடியோடு போகவில்லை, கனத்த சத்தங்கள் கொஞ்சம் எட்டும் என்று அங்கேயே சோதித்துச் சொல்லி, காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியும் கொடுத்திருந்தார்கள். இப்போது அவளுக்கு நான்கு வயது. எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வசந்தா ஆஸ்பத்திரிக்கே போன் செய்தாள்.

“அண்ணே, இவரு மிஷின போட விடமாட்டேங்குறாரு. பிள்ளைக்குக் காது தானா மொளைக்கப் போவுதாம். அதுவரைக்கும் தொந்தரவு பண்ணக் கூடாதாம்.”

யார் சொன்னது என்று கேட்டேன். “யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறாரு. ஞாயித்துக்கெழமயானா பிள்ளையத் தூக்கிக்கிட்டு தோட்டத்துப் பக்கம் போயிடறாரு” என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. எவனோ ஒரு போலி வைத்தியன் அங்கே கடை விரித்திருக்கிறான். காதுக்கு வேப்பெண்ணெய் ஊற்றியவர்கள், கழுதைப்பால் ஊற்றியவர்கள் எல்லாரையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இது பொறுத்துப் பார்க்கக்கூடிய விஷயம் இல்லை. குழந்தையின் மூளை பேச்சைப் பழகும் வயது இதுதான். இன்னும் சில வருடம் சத்தமே எட்டாமல் போனால், அப்புறம் எந்தக் கருவியை மாட்டினாலும் அவளுக்கு அது வெறும் இரைச்சல். விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

மலாக்காப் பட்டணத்துக்கு வெளியே குருபோங்கில் அவர்கள் வீடு. ஒருபக்கம் தொழிற்சாலைகள், மறுபக்கம் ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள். நம் ஊரில் இத்தனை வீடு சேர்ந்திருந்தால் ஒலிபெருக்கியும் சண்டையும் சேர்ந்தே இருக்கும். இங்கே சாயங்காலம் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றபின் தெரு அடங்கிவிடுகிறது. கணேசன் வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். “வாங்க மச்சான், பிளேன்ல சாப்பாடு போட்டாங்களா?” என்றார். முன்பு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தில் பாதிக்கு ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்துவிட்டதும் குருபோங்குக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். அதிகம் பேசாதவர்களை எனக்குக் கூடுதலாகச் சந்தேகம்.

தர்ஷினி கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். அம்மாவின் கண்கள் அவளுக்கு. குரங்கு பொம்மையைக் கொடுத்தேன். தாளம் தட்டும் குரங்கை அவள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அது அதிர்வதைக் கண்டு சிரித்தாள். அப்போதுதான் கவனித்தேன், இரண்டு காதிலும் பஞ்சு.

அந்த வீட்டில் என்னவோ சரியில்லை என்று சாப்பிடும்போதே பட்டது. மீன் கறியும் மிளகாய்ச் சம்பலும் அருமை, அதில் குறையில்லை. ஆனால் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி சுற்றியிருந்தது. தொலைக்காட்சியில் படம் ஓடியது, சத்தம் இல்லை. வசந்தா சட்னிக்காக மிக்சியின் பக்கம் போனதும் கணேசன் தட்டை வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். மிக்சி நின்றபின்தான் திரும்பி வந்தார். கேட்காத குழந்தை இருக்கும் வீட்டில் எல்லாரும் கத்திப் பேசித்தான் பார்த்திருக்கிறேன். இங்கே கரண்டியைக்கூட மெதுவாகத்தான் வைக்கிறார்கள்.

மறுநாள் கணேசன் வேலைக்குப் போனதும் வசந்தா அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். உள்ளே பஞ்சுக்கு நடுவில் கருவி. “அவரு இல்லாதப்ப ஒருநா போட்டுப் பாத்தேன். கீச்சுன்னு கத்துச்சு. பயந்துபோயி எடுத்துட்டேன்” என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, “அப்படி மொளைச்சுதுன்னா நல்லதுதானேண்ணே?” என்றாள்.

அவளும் பாதி மயங்கித்தான் இருந்தாள். கோபத்தை அடக்கிக்கொண்டு, அந்த வைத்தியனைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

மலாக்காப் பட்டணத்துக்குப் போவதாக நினைத்துப் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநரிடம் கேட்டதற்கு அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று ஆராயாமல் உட்கார்ந்தது என் பிழை. போகப் போகக் கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்கள், தென்னை, வயல், மறுபடி கம்பங்கள். பட்டணம் வரவே இல்லை. கடைசியில் எல்லாரும் இறங்கிய இடம் மஸ்ஜித் தானா என்ற வேறு ஊர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய் அம்மாள் நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, உங்கள் ஆள் கடை அதோ இருக்கிறது என்று கையைக் காட்டினார்.

அது ஒரு மளிகைக்கடை. நெற்றியில் திருநீறோடு ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். தமிழில் பேசியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு தே தாரிக் என்ற நுரை ததும்பும் டீ வரவழைத்தார்.

“இந்தப் பக்கம் காதுக்கு வைத்தியம் பண்றவங்க யாராவது இருக்காங்களா?” என்று நைசாகக் கேட்டேன்.

“காதுக்கா? வலியா இருந்தா கிளினிக் இருக்கு, போங்க.”

“இல்ல. கேக்காத காத கேக்கவைக்கிற மாதிரி.”

அவர் கல்லாப் பெட்டியை மூடினார். “நீங்க இந்தியாவுலேர்ந்து எண்ணெய் கிண்ணெய் விக்க வந்தவரா? இங்கல்லாம் ஓடாது லா. போன வருசம் ஒருத்தரு வந்து முட்டிவலிக்கு வித்தாரு. ஆளுங்க தொரத்திட்டாங்க.”

போலி வைத்தியனைப் பிடிக்க வந்தவனை அவர் போலி வைத்தியன் என்று முடிவுகட்டிவிட்டார். நான் மறுக்க மறுக்க அவருக்கு அது உறுதிப்பட்டது. ஆனாலும் நல்ல மனிதர். தன் கடைப் போனிலிருந்தே வசந்தாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். வேலை முடிந்து வந்த கணேசன் மோட்டார் சைக்கிளில் என்னைத் தேடி வந்தார். எங்கே போகக் கிளம்பினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் குறுகுறுத்தது.

வீட்டுக்குப் போகுமுன் பட்டணத்துக்கு வண்டியை விட்டு, சீனர் கடை ஒன்றில் நிறுத்தி, “இங்க கோழி நல்லாருக்கும் மச்சான்” என்றார். சோற்றைக் கொழுக்கட்டை போல உருட்டி வைக்கிறார்கள், பக்கத்தில் அவித்த கோழி, இஞ்சியும் மிளகாயும் அரைத்த துவையல். பசியில் நான் வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கணேசன் கோழித்துண்டைக் கையில் வைத்தபடி கேட்டார்.

“மச்சான், கோழிக்குக் காது உள்ளுக்குள்ள செத்துப்போனாலும் திரும்ப மொளைக்குமாமே, உண்மையா?”

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். ஏனென்றால் அது உண்மை. சில வருடங்களுக்கு முன்னால்தான் வெளிநாட்டில் கண்டுபிடித்திருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, தேநீர் நேரத்தில் எங்களுக்கெல்லாம் உற்சாகமாகச் சொல்லியிருக்கிறார். பலத்த சத்தத்தாலோ மருந்தாலோ கோழிக்குஞ்சின் உள்காது கெட்டுப்போனால், சில வாரங்களில் அங்கே புதிய செல்கள் முளைத்துவிடுகின்றன. மனிதனுக்கு அப்படி ஆவதில்லை.

“கோழிக்கு உண்மைதான்” என்றேன்.

எந்தப் போலி வைத்தியனும் என்னைவிடத் திறமையாக அவரை மயக்கியிருக்க முடியாது. அவர் முகம் அப்படி மலர்ந்தது. காது வேலைக்காரனே ஒத்துக்கொண்டுவிட்டேன் அல்லவா? யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டேன். ரேடியோவில் கேட்டதாகச் சொன்னார். மனுசனுக்கும் கொண்டுவரப் பார்க்கிறார்கள் என்றும் அதில் சொன்னார்களாம். ரேடியோவில் இரண்டு நிமிடம் கேட்டதற்காகவா ஒருவர் நாற்காலிக்குத் துணி சுற்றுவார்? நான் நம்பவில்லை. ரேடியோவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தே தீர வேண்டும்.

அன்றிரவு சாப்பாட்டின்போது பேச்சைத் திருப்பி, என் வேலையைப் பற்றி அளந்தேன். குழந்தைகள் எப்படியெல்லாம் ஏமாற்றும், நிழலைப் பார்த்து எப்படித் திரும்பும், பெற்ற தாயே எப்படிக் கண்ணைக் காட்டிக் கொடுப்பாள் என்று விளக்கினேன். கணேசன் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நானும் கூட வருகிறேன் என்று கடைசியில் சொன்னேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். “வாங்களேன்” என்றார். அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளில் மூன்று பேர். முன்னால் தர்ஷினி, நடுவில் அவர், பின்னால் பையோடு நான். பைக்குள் மணி, கிலுகிலுப்பை, உடுக்கை, வேசலின் டப்பா, புது பேட்டரி, வசந்தா முந்தானையில் மறைத்து எடுத்து வந்து கொடுத்த கருவி. அலோர் காஜா தாண்டியதும் சக்கரம் காற்றிறங்கியது. சீனர் பட்டறையில் ஒட்டி முடியும்வரை வெயிலில் நின்றோம். புலாவ் செபாங் வந்தபோது ரயில் கேட் மூடியிருந்தது.

ரயில் வருவதற்கு முன்னால் ஊதல் கேட்டது. கணேசன் சட்டென்று கைப்பிடியை விட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் குழந்தையின் காதை இறுக்கி மூடிக்கொண்டார். வண்டி சரிய, நான் காலை ஊன்றித் தாங்கினேன். கடைசிப் பெட்டி மறையும்வரை அவர் கையை எடுக்கவில்லை. தர்ஷினி கைகளுக்கு நடுவிலிருந்து ரயிலைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கேட்காத காதை எதற்காக மூட வேண்டும்? கேட்டேன்.

“வாங்க, சொல்றேன்” என்றார்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் வைத்தியனின் கொட்டகையைக் கண்களால் தேடினேன். தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீடுகள் பாதி காலியாகக் கிடந்தன. அங்கே ஓர் அம்மன் கோயில், அதற்கு முன்னால் பெரட்டுக் களம். பெரட்டு என்றால் விடியற்காலையில் வேலையாட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. ஒரு மரக்கிளையில் தண்டவாளத் துண்டொன்று தொங்கியது. அதை அடித்துத்தான் தோட்டத்தையே எழுப்புவார்களாம். கணேசன் எங்கும் நிற்காமல், செம்பனையைத் தாண்டி, மிச்சமிருந்த ரப்பர் மரங்களுக்குள் வண்டியை விட்டார். உள்ளே போனதும் வெயிலும் இல்லை, சத்தமும் இல்லை. குழந்தையை இறக்கிவிட்டு, அவள் காதிலிருந்த பஞ்சை எடுத்தார்.

“இங்க ஒரு இரைச்சலும் இல்ல பாருங்க. வாரத்துல ஒருநாளாவது காதுக்குக் காத்துப் படட்டும்னு கூட்டிட்டு வருவேன்” என்றார். வேறு யாரும் வரவில்லை. யாரும் வரப்போவதும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது.

ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினார். “இது நான் பால் வெட்டுன நிரை மச்சான், இந்த வரிசை மரமெல்லாம். இந்தப் பக்கம் தொட்டுப் பாருங்க. கீழவரைக்கும் நான் பட்டையச் சீவி எடுத்த எடம். இப்ப வந்துருச்சு பாத்தீங்களா?”

தொட்டேன். வழவழவென்று புதுப்பட்டை.

“எப்படி வந்துச்சு? ஆறேழு வருசம் யாரும் கத்தி வைக்கல. இந்தப் பக்கத்த அப்படியே விட்டுட்டு அந்தப் பக்கம் வெட்டுவோம். பொறுக்காம முன்னாலயே கத்தி வச்சா, எளம்பட்டை கெட்டுப்போயிடும். பட்டையும் வராது, பாலும் வராது. புதுசா மொளைக்கிற எதுக்கும் ஓய்வு குடுக்கணும். அந்த மிஷின் என்னா பண்ணுது? உள்ளுக்குள்ள சத்தத்த ஊத்திக்கிட்டே இருக்கு. கீச்சுன்னு கத்துது. மொளைக்கிறது எப்படி மொளைக்கும்?”

போலி வைத்தியன் என்று ஒருவன் இல்லவே இல்லை. ரேடியோவில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மரத்தைப் பற்றி அவர் சொன்னதும் உண்மைதான். இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட்டு, பெற்ற பெண்ணைப் பல மாதமாகச் சத்தம் படாமல் காத்து வந்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை, பயமாக இருந்தது. ஒரு மோசடிக்காரனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இவ்வளவு பாசத்தை என்னவென்று சொல்லித் தடுப்பது?

“எல்லா மரத்துக்கும் இப்படித் திரும்பிடுமா மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

அவர் நாலு மரம் தள்ளி நடந்தார். அங்கே ஒரு மரம் முண்டும் முடிச்சுமாக நின்றது. “இது புது ஆளு வெட்டுனது. கத்தி ஆழமா எறங்கி கட்டையத் தொட்டுருச்சு. பட்டைக்கு அடியில மெல்லிசா ஈரமா ஒண்ணு இருக்கும். அதுலேர்ந்துதான் புதுசு வரணும். அது போயிட்டா இப்படித்தான்.”

அங்கேயே உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தாய் வயிற்றில் குழந்தை விரல்கடை அளவு இருக்கும்போதே உள்காது நத்தைக்கூடு மாதிரி சுருளத் தொடங்கிவிடும். நுனியில் மயிர் மயிராகக் குத்திட்டு நிற்கும் செல்கள் அந்தச் சுருளுக்குள் வரிசைகட்டி வரும். அவைதான் சத்தத்தைப் பிடிப்பவை. பாதிக் கர்ப்பம் தாண்டுவதற்குள் எல்லாம் வந்துவிடும். அதோடு சரி, பிறகு சாகிறவரை புதிதாக ஒன்றும் வராது. அந்தச் செல்களைச் சுற்றித் தாங்கி நிற்கும் வேறு செல்கள் உண்டு. கோழிக்கு, மேலே உள்ளவை செத்தால் இந்தத் தாங்கும் செல்கள் விழித்துக்கொண்டு புதிதாக உண்டாக்கும். நமக்கு அவை விழிப்பதில்லை. எப்படி எழுப்புவது என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

“எழுப்பிடுவாங்களா?”

“எழுப்பலாம். எப்பன்னு தெரியாது. இவ பெரியவளாகறதுக்குள்ளயா, இவ பேரப்பிள்ளை காலத்துலயான்னு யாருக்கும் தெரியாது.”

“அப்ப காத்திருக்கறதுல என்னா தப்பு?”

“காது காத்திருக்கும் மாப்பிள்ளை. மூளை காத்திருக்காது. நாளைக்கே மருந்து வந்து காது மொளைச்சுதுன்னு வையுங்க. சத்தம்னா என்னன்னே தெரியாம வளர்ந்த பிள்ளைக்கு, நீங்க பேர் சொல்லிக் கூப்பிடறதும் லாரி போறதும் ஒண்ணாத்தான் இருக்கும். பட்டை வர்றவரைக்கும் மரம் உயிரோட நிக்கணுமில்ல? மிஷின் கத்தி இல்ல, வேருக்கு ஊத்துற தண்ணி. கீச்சுன்னு கத்தறது எதனாலன்னா, பிள்ளை வளர்ந்துட்டதால காதுல சொருகற அச்சு தளர்ந்துபோச்சு. வேற அச்சு எடுத்தா நின்னுடும்.”

கணேசன் அந்த முண்டு மரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “தப்பா நெனைக்காதீங்க மச்சான். இந்த மிஷின் விக்கற கம்பெனியில உங்களுக்கு வேண்டியவங்க யாரும் இருக்காங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. கடல் தாண்டி வந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவர் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான், இதைவிட முன்னாலேயே கேட்டிருப்பேன். யாரும் இல்லை என்றேன்.

பையைத் திறந்தேன். புது பேட்டரி போட்டு, அச்சில் கொஞ்சம் வேசலின் தடவி, தர்ஷினியின் காதில் மாட்டினேன். அவள் உதறவில்லை. பின்னால் போய் நின்று மணியை ஆட்டினேன். திரும்பினாள்.

“உங்க நிழலப் பாத்துத் திரும்பிட்டா” என்றார் கணேசன்.

நிழல் விழாத பக்கம் போய் உடுக்கையைத் தட்டினேன். திரும்பினாள். “சருகு மேல நடந்தீங்க, தரை அதிர்ந்திருக்கும்.” மறுபடி தட்டினேன். “இப்ப என் கண்ணப் பாத்தா.” இரண்டு நாள் முன்னால் சோற்றைப் பிசைந்துகொண்டே நான் கற்றுக்கொடுத்த பாடம் ஒவ்வொன்றாக என்னிடமே திரும்பி வந்தது. ஒவ்வொன்றும் நியாயம்.

“பெரட்டுக் களத்துல தண்டவாளம் தொங்குதில்ல?” என்றார் கடைசியில். “இங்கேர்ந்து பாத்தா தெரியாது, சத்தம் மட்டுந்தான் வரும். அத அடிச்சுப் பாக்கலாம்.”

நல்ல யோசனைதான். நான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் அடியுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். “இல்ல மச்சான். நீங்க பாத்துச் சொன்னா நான் நம்ப மாட்டேன். நீங்க போயி அடிங்க, நான் பாக்கறேன். மொதல்ல மிஷின் இல்லாம. அப்புறமா போட்டு.”

என் வேலையே அந்த ஒரு நொடி முகத்தைப் பார்ப்பதுதான். அதிலிருந்து என்னை விலக்கிவிட்டார். கருவியை எப்படி மாட்டுவது என்று காட்டிக் கொடுத்துவிட்டு, செம்பனைக்குள் புகுந்து களத்துக்கு நடந்தேன். பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தை ஓங்கி ஓர் அடி அடித்தேன். சத்தம் மரங்களுக்குள் ஓடி அடங்கியது.

“இல்ல” என்று தூரத்திலிருந்து கணேசனின் குரல் வந்தது.

கருவியை மாட்ட நேரம் கொடுத்துக் காத்திருந்தேன். பிறகு அடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். அதற்கும் பதில் இல்லை. அந்தச் சில நிமிடங்களில் எனக்கு வராத சந்தேகம் இல்லை. பேட்டரி செத்திருக்குமோ? அச்சைத் தலைகீழாக மாட்டியிருப்பாரோ? மாட்டாமலே மாட்டியதாகச் சொல்லப்போகிறாரோ? அவள் மிச்சக் காதும் இந்த மாதங்களில் போய்விட்டதோ? இந்தக் கடைசிச் சந்தேகம் வந்தபோது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் அடித்தேன்.

லயத்திலிருந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். பனியன் போட்ட ஒரு பெரியவர் முன்னால் வந்தார். “யாருங்க நீங்க? ஞாயித்துக்கெழம மத்தியானத்துல என்னா பெரட்டு?” என்று அதட்டினார். அவர்தான் அங்கே முன்பு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருந்தவர் என்று பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள். கணேசனின் மச்சான் என்றேன். அவர் பெண்ணுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கிறோம் என்றேன்.

அப்போது ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“இன்னொரு தடவ அடிங்க மச்சான்.”

கேட்டதா, இல்லையா என்று அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குரல் முதலில் ‘இல்ல’ என்று சொன்ன குரலாக இல்லை. அடித்தேன்.

“இன்னொரு தடவ.”

அடித்தேன். பெரியவர் என் கையிலிருந்த கம்பியை வாங்கிக்கொண்டார். “நடுவுல அடிச்சா கேக்காதுங்க, ஓரத்துல அடிக்கணும்” என்று சொல்லிவிட்டு, தோட்டத்தையே எழுப்பிய பழக்கத்தில், விட்டு விட்டு அடிக்கத் தொடங்கினார். லயத்து நாய்கள் குரைத்தன. கோயில் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பின.

என் கை காலியாகிவிட்டது. ஓடிப்போய்த் தர்ஷினியின் முகத்தைப் பார்த்திருக்கலாம். நிழலா, அதிர்வா, அப்பாவின் கண்ணா என்று சோதித்திருக்கலாம். நான் போகவில்லை. களத்து ஓரத்தில், அந்த லயத்துப் பெண் கொண்டுவந்து வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

அடிக்கிற கை மாறிவிட்டது கணேசனுக்குத் தெரியாது. “இன்னொரு தடவ, மச்சான்” என்று உள்ளிருந்து அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.